மிதி, பிடி, விடாதே!

பழைய காரில் கிளட்சை மிதித்தால் பஞ்சு மூட்டையை மிதித்தது போல இருக்கிறதா? ஆயில் குழாய்க்குள் காற்று புகுந்துவிட்டது. ஆயில் அமுங்காது, காற்று அமுங்கும். இயற்பியல் அத்தோடு முடிந்தது. மிச்சமெல்லாம் குடும்பச் சண்டை.

ஏர் எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஸ்பேனரோடு காருக்கு அடியில் நான்; பெடலில் மச்சினன். "மிதிச்சுப் புடிடா" என்று சொல்லி கிளட்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரின் நிப்பிளைத் திறப்பேன். ஆயிலோடு குமிழ் குமிழாகக் காற்று வரும். நிப்பிளை மூடிய பிறகுதான் அவன் காலை எடுக்க வேண்டும். அவனோ, "எடுத்துட்டேன் மாமா!" என்று முன்கூட்டியே அறிவிப்பான். துரத்திவிட்ட காற்று, தலைதீபாவளி மாப்பிள்ளை போல மறுபடி உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். மேலே டப்பாவில் ஆயில் வற்றினாலும் அதே வரவேற்புதான்.

வடித்த ஆயிலையே திரும்ப ஊற்றும் சிக்கனம் வேண்டாம். கிளட்ச் ஆயில் ரகங்களான டாட் 3, டாட் 4 இரண்டும் காற்றின் ஈரத்தை உறிஞ்சுபவை. புது டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறியபின் 155 எடுத்தாலே பாஸ். பெயிண்டில் சிந்தினால் பெயிண்டை உரிக்கும். அந்த வேலையை மட்டும் முதல் தடவையிலேயே சுத்தமாகச் செய்யும்.

ஒருவழியாகப் பெடல் கெட்டியானது. மறுநாள் காலை மறுபடி பஞ்சு. சிலிண்டருக்குள் ரப்பர் சீல் தேய்ந்து கசிந்துகொண்டிருந்தது.

ஆகவே, முதலில் சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்கி ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். மச்சினனை அப்புறம் கூப்பிடலாம்.