இரண்டாம் லெஃப்ட் பேக்: ஸ்ரீவராகம் மரபு குறித்து ஓர் ஆய்வு

திருவனந்தபுரத்தில் லட்சுமி வராகர் கோயிலையும் அதன் பெரிய குளத்தையும் ஒட்டிய ஸ்ரீவராகம் பகுதியில், கால்பந்துப் பருவம் தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பு ஓர் அறிவுத்துறை விழித்துக்கொள்கிறது. அதற்குத் துணைவேந்தர் கிடையாது, மானியம் கிடையாது. சாயாக் கடை பெஞ்சு உண்டு. ஆய்வுப் பொருள் ஒன்றே ஒன்றுதான்: நம் லெஃப்ட் பேக்குக்கு அடிபட்டால் அடுத்து யார்?

கோல் அடிக்கப்போவது யார், கோப்பை வருமா போன்ற எளிய வினாக்களை இத்துறை பாமரர்களுக்கு விட்டுவிட்டது. பெஞ்சின் பலத்தைப் பெஞ்சில் அமர்ந்தே அளப்பது இங்குள்ள முறை.

ஏன் குறிப்பாக லெஃப்ட் பேக்? இதற்குப் பொருளாதார அடிப்படை இருக்கிறது. இந்தியன் சூப்பர் லீக்கில் (ஐ.எஸ்.எல்.) 2021-22 பருவம் முதல் களத்தில் ஒரே நேரத்தில் நான்கு வெளிநாட்டவர்தான் இருக்கலாம் என்று விதி வந்தது. அந்த நான்கு இடங்களை எந்தக் கழகமும் பெரும்பாலும் முன்களத்துக்கும் நடுக்களத்துக்கும் சென்டர் பேக்குக்கும் செலவழிக்கும். ஓரக் காவல் உள்ளூர்க்காரர் தலையில் விழும். அதிலும் இடது காலால் ஒழுங்காக உதைப்பவர் அரிது. ஆகவே முதல் லெஃப்ட் பேக் கிடைப்பதே கஷ்டம். இரண்டாமவர் ஏறக்குறைய ஒரு தத்துவக் கருத்து.

இத்துறையில் இரண்டு தரப்புகள். மூத்தோர் தரப்புக்கு ஆதாரம் கேரள போலீஸ் அணி. 1990-இலும் 1991-இலும் பெடரேஷன் கோப்பையை வென்ற அந்த அணியின் தடுப்பில் வி.பி. சத்யன், ஷரஃபலி, குரிகேஷ் மேத்யூ நின்றார்கள். அடிபட்டாலும் நிற்பார்கள் என்பது இவர்கள் கட்சி. மாற்று ஆட்டக்காரர் என்ற ஏற்பாடே உலகக் கோப்பைக்கு 1970-இல்தான் வந்தது, அதுவும் இரண்டே பேர் என்று இவர்கள் நினைவூட்டுவார்கள். இளையோர் தரப்பு, ஐந்து மாற்று என்ற விதி 2022-இல் நிரந்தரமாகிவிட்டதைக் காட்டி, மாமாக்களின் தரவு காலாவதியானது என்று மறுக்கும்.

“மாமா, அவன் வலது கால்காரன். லெஃப்ட்ல எப்படி நிப்பான்?”

“நிக்கச் சொன்னா நிப்பான்டா.”

மேற்கண்ட உரையாடல் ஒவ்வொரு ஆண்டும் சொல் மாறாமல் நிகழ்வதால் இதை மூலபாடம் என்றே கொள்ளலாம்.

இனி இவ்வாய்வின் முக்கியக் கண்டுபிடிப்பு. இரு தரப்பும் தாளில் எழுதும் பட்டியலைக் கூட்டிப் பார்த்தால் கழகம் வைத்திருக்கும் ஆட்களைவிட அதிகம் பேர் வருகிறார்கள். காரணம், ரைட் பேக்குக்கு மாற்றாக எழுதப்பட்டவரே லெஃப்ட் பேக்குக்கும் மாற்று. அவசரத்துக்கு சென்டர் பேக்கும் அவரே. ஒரே மனிதர் மூன்று வரிகளில் வருகிறார். இரண்டு பேருக்கு ஒரே வாரத்தில் தசை பிடித்துக்கொள்ளாதவரை இந்தக் கணக்கில் பிழை தெரியாது.

அமெரிக்காவிலும் இதே நோய் உண்டு. அவர்களுடைய கால்பந்தில், பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கின் முதுகுப்புறத்தை இடது டாக்கிள் என்பவர் காக்கிறார். 1985 நவம்பர் 18 அன்று வாஷிங்டன் அணியின் இடது டாக்கிள் ஜோ ஜேக்கபி காயத்தால் ஆடவில்லை. வேறு இடத்தில் ஆடும் ரஸ் கிரிம்மை அங்கே நகர்த்தினார்கள். அன்றிரவு நியூயார்க் ஜயன்ட்ஸின் லாரன்ஸ் டெய்லர் வந்து விழுந்ததில் குவார்ட்டர்பேக் ஜோ தைஸ்மனின் கால் முறிந்தது. அவர் பிறகு ஆடவே இல்லை. கிரிம்மின் குற்றம் என்று இதைச் சொல்ல முடியாது. ஆனால் ஒருவரை இரண்டு வரியில் எழுதும் பழக்கம் எந்த நாட்டிலும் நிற்கவில்லை.

நமக்கு நெருக்கமான வழக்கு கன்னியாகுமரி மாவட்டத்து இரவிபுத்தன்துறையிலிருந்து வருகிறது. விங்கராகப் பெயர் எடுத்த மைக்கேல் சூசைராஜை ஏ.டி.கே. பயிற்சியாளர் ஹபாஸ் இடப்பக்க விங் பேக்காக மாற்றினார். 2020 மார்ச்சில் அந்த அணி ஐ.எஸ்.எல். கோப்பையை வென்றது. அதே ஆண்டு நவம்பர் 20, பருவத்தின் முதல் ஆட்டம், கோவாவின் பாம்போலிம். எதிரில் நம் கேரளா பிளாஸ்டர்ஸ். முதல் பாதியிலேயே சூசைராஜ் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார், பருவமே போயிற்று. ஸ்ரீவராகத்துத் தமிழர்களுக்கு அன்று இரட்டைத் துக்கம். அடிபட்டது எல்லைக்கு அந்தப் பக்கத்து நம்ம பையன். அவருக்குப் பதிலாக எதிரணி இறக்கியதோ இந்திய அணிக்கு ஆடிய சுபாசிஷ் போஸை. ராய் கிருஷ்ணா அடித்த ஒரே கோலில் ஆட்டமும் போனது. பெஞ்சு பலம் என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை.

பாடத்தின் மறுபக்கம் 2022 ஜனவரியில் வந்தது. பிளாஸ்டர்ஸ் கேப்டனும் லெஃப்ட் பேக்குமான ஜெஸ்ஸல் கார்னெய்ரோவுக்கு ஹைதராபாத் ஆட்டத்தில் தோளில் காயம். நிஷு குமாரும் சஞ்சீவ் ஸ்டாலினும் அந்த இடத்தை மாறி மாறிப் பார்த்துக்கொண்டார்கள். ஸ்டாலின் பெயரைக் கேட்டதும் ஆய்வு அரசியலுக்குத் திரும்பி, ஒரு மாலை முழுக்க வீணானது. உண்மையில் அவர் பெங்களூர்க்காரர். 2017-இல் நடந்த பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில், டெல்லியில் கொலம்பியாவுக்கு எதிராக அவர் உதைத்த கார்னரைத்தான் ஜீக்ஸன் சிங் தலையால் முட்டி, ஃபிஃபா உலகக் கோப்பையில் இந்தியாவின் முதல் கோலாக்கினார்.

முதலாமவர் இல்லாமலே அணி மார்ச் 20 அன்று ஃபதோர்டாவில் இறுதியாட்டம் வரை போனது. இளையோர் வென்றோம் என்றார்கள். ஆட்டம் 1-1, பிறகு பெனால்டி. நிஷு குமார் உதைத்தது உள்ளே போகவில்லை. மறுபடி உதைக்கச் சொன்னார்கள், அதுவும் போகவில்லை. ஹைதராபாத் 3-1. மூத்தோர் வென்றோம் என்றார்கள். மாற்று லெஃப்ட் பேக்குக்கு பெனால்டி உதைக்கத் தெரிய வேண்டுமா என்ற புதிய கிளைத்துறை அன்று பிறந்து இன்றும் உயிரோடு இருக்கிறது. அதில் துறைத்தலைவர் பதவிக்கு மூன்று பேர் போட்டி.

2024-இல் சூப்பர் லீக் கேரளா தொடங்கி, நகரத்துக்கே ஓர் அணியாகத் திருவனந்தபுரம் கொம்பன்ஸ் வந்தபோது ஆய்வாளர்களுக்குப் பொற்காலம். ஆறு அணிகள், பாளையம் பக்கத்திலேயே சந்திரசேகரன் நாயர் மைதானம், பழைய தரவு துளியும் இல்லை. எதைச் சொன்னாலும் மறுக்க ஆளில்லை. வராகருக்கும் கொம்பன்களுக்கும் தந்தம் பொது என்பதால் அரையிறுதி நிச்சயம் என்று ஒருவர் ஆய்வுரையே நிகழ்த்தினார். அணி அரையிறுதிக்குப் போய்விட்டதுதான் துரதிர்ஷ்டம். காலிகட்டிடம் தோற்றது அவர் முறையியலில் சேரவில்லை. அந்த முறையியலை இப்போது எல்லா அணிகளின் சின்னங்களுக்கும் விரிவாக்கிக்கொண்டிருக்கிறார்.