அமோ, அமாஸ், பேராண்டி!

வாங்க துரை! குருமடத்துல சேரப் போறவரு ராத்திரி பூரா "அமோ, அமாஸ், அமத்"துன்னு முனகினதைக் கேட்டு, காய்ச்சல்ல பெனாத்துறேன்னு உங்க ஆயா மிளகுக் கஷாயம் வெச்சுட்டா. ஒரே ராத்திரியில மொத்தத்தையும் முழுங்கி, பரீட்சையில கக்கிட்டு, மறுநாள் தொடைச்சுப் போட்டுடுற வித்தை உங்க அப்பன் சொத்துடா.

இலத்தீன் கஷ்டமா இருக்காமே? "புவெல்லா ரோசம் அமத்"னா பொண்ணு ரோசாவை விரும்புறா. வினை கடைசியில, நம்ம வாக்கியமேதான். ரோசான்னா எழுவாய், ரோசம்னா நம்ம 'ஐ' போட்ட ரெண்டாம் வேற்றுமை. "ரோசம் புவெல்லா அமத்"துன்னு மாத்திப் போட்டாலும் அர்த்தம் அதேதான். வந்தேன், வந்தாய், வந்தான்னு விகுதியிலயே ஆளைக் காட்டுற பயலுக்கு அமோ, அமாஸ் என்னடா புதுசு? இங்கிலீஷ்காரன் அழட்டும், அவனுக்கு நியாயம் இருக்கு. எட்டு வேற்றுமையோட வளந்த உனக்கு ஆறைப் பார்த்தா நடுங்குது!

வழுக்குற இடம் வேற. அக்ரிகோலான்னா உழவன். பேரு 'ரோசா' மாதிரி முடியுதேன்னு பொம்பளையாக்கிடாதே; என்னாட்டம் மீசை வெச்ச ஆம்பளை. "நல்ல உழவன்"னா "அக்ரிகோலா போனுஸ்", போனா இல்லை. தீபாவளி போனஸ் நினைச்சுக்க, மறக்காது.

விருத்தாசலம் பக்கம் கோணான்குப்பத்துல மாதா கோயில் கட்டினாரே வீரமாமுனிவர், 1680-ல இத்தாலியில பொறந்தவரு. முப்பது வயசுல இந்தப் பக்கம் வந்து தமிழ் படிச்சு, பேச்சுத் தமிழுக்கே இலத்தீன்ல இலக்கணம் எழுதினாரு. அது அச்சானது 1738-ல, தரங்கம்பாடியில, அவரு மல்லுக்கட்டின லூத்தரன்காரங்க அச்சுக்கூடத்துலயே! உன் கையில அச்சடிச்ச புத்தகம், தலைக்கு மேல ஃபேன், எதிர்ல ஆயா கொடுத்த முறுக்கு. அதுக்கே கொட்டாவி.

நம்ம பக்கத்துச் சுரங்கத்துல ராப்பகலா தண்ணி இறைக்கிறாங்க. நிறுத்தினா அடியில அழுத்திக்கிட்டிருக்கிற ஊத்து பொத்துக்கிட்டு வந்துரும். மறதியும் அப்படித்தான். ஞாயித்துக்கிழமைன்னு நீ மோட்டாரை நிறுத்தினா திங்கக்கிழமை முங்கிடுவே. தினம் அஞ்சு வார்த்தை போதும். புத்தகத்தை மூடி வெச்சுட்டு, வாய்விட்டுச் சொல்லு. தப்பினதை மட்டும் திறந்து பாரு. வெறும் வார்த்தையா வேணாம், வாக்கியமாக் கோத்துச் சொல்லு. அறுபதுகள் வரைக்கும் பூசை இலத்தீன்லதான். பூசைக்கு உதவப் போன நான் அர்த்தம் தெரியாம பதில் சொல்லி, கடைசியில சாமியாரைத் தொந்தரவு பண்ணித்தான் இந்த நாலு எழுத்தைக் கத்துக்கிட்டேன்.

நாளைக்குக் காலையில இதை ஒப்பி: "அவோ பெகூனியம் தா." தாத்தாவுக்குப் பணம் தான்னு அர்த்தம், வார்த்தை வரிசை கூட அச்சு அசல் நம்மது. ஒப்பிச்சா மட்டும் பத்தாது, செஞ்சும் காட்டணும். நாலாம் வேற்றுமை உன் மண்டையில நிக்கும், எனக்கு வெத்தலை பாக்குக்கும் ஆகும்.