கேட்காமல் விட்ட வரம்

கையில் அடங்கும் கணினியில் மென்பொருள் ஏற்றும் வேலை எப்படி நடக்க வேண்டும் என்று 2008 வாக்கில் நானும் நண்பர்களும் பேசாத பேச்சில்லை. என்னிடம் இருந்தது நோக்கியா என்800. அமெரிக்காவில் இருந்த அத்தை மகன் தனக்குப் புதியது வாங்கியபோது எனக்குக் கொடுத்தது. அது போன் இல்லை. சிம் போட இடமே கிடையாது. 4.1 அங்குலத் திரை, 128 எம்பி ரேம், 256 எம்பி உள் நினைவகம், எஸ்டி கார்டு செருக இரண்டு இடம். வைஃபை கிடைத்தால் இணையம். உள்ளே ஓடியது மேமோ. டெபியன் லினக்ஸை அடியாக வைத்துக் கட்டிய இயங்குதளம். மேசைக் கணினியில் பழகிய அதே டெபியன் சட்டைப் பையில் இருந்தது எங்களுக்குப் பெரிய விஷயம். பேருந்தில் உட்கார்ந்து அதன் கறுப்புத் திரையில் கட்டளை அடித்துப் பார்ப்பதே ஒரு சந்தோஷம்.

மேமோவில் மென்பொருள் ஏற்ற அப்ளிகேஷன் மேனேஜர் என்று ஒன்று இருந்தது. திரையில் பட்டனும் பட்டியலும் தெரிந்தாலும் அடியில் வேலை செய்தது டெபியனின் ஏபிடியும் டிபிகேஜியும்தான். ஒரு மென்பொருள் ஒரு டெப் கோப்பாக, அதாவது ஒரு பொதியாக வரும். தான் ஓடுவதற்கு இன்னும் என்னென்ன நூலகங்கள் வேண்டும் என்பதை அதுவே சொல்லும். ஏபிடி அவற்றையும் தேடிக் கொண்டுவரும். எங்கே தேடுவது என்பதற்குத்தான் கேட்டலாக். ஓர் இணைய முகவரியைக் கேட்டலாக்காகச் சேர்த்தால் அங்கே இருக்கும் பொதிகள் நம் பட்டியலுக்கு வந்துவிடும். நோக்கியாவின் கேட்டலாக் ஒன்று. பயனர் சமூகத்தின் எக்ஸ்ட்ராஸ் இன்னொன்று. எங்கோ ஒரு மாணவர் தன் சர்வரில் வைத்திருக்கும் நாலு பொதிக்கும் ஒரு கேட்டலாக் உண்டு. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

குறை இல்லாமல் இல்லை. மேனேஜரைத் திறந்தால் பட்டியல் வருவதற்குள் காபி ஆறிவிடும். ஒரு நேரத்தில் ஒரு மென்பொருளைத்தான் தேர்ந்தெடுக்கலாம். அது முடிந்த பிறகே அடுத்தது. பெயரும் ஒரு வரி விளக்கமும் தவிரப் பார்த்துத் தீர்மானிக்க ஒன்றும் இருக்காது. ஏதாவது ஒரு நூலகம் கிடைக்காவிட்டால் வரும் அறிவிப்பைப் படித்துப் புரிந்துகொள்ள டெபியனில் ஓரளவு தேர்ச்சி வேண்டும். எல்லாம் அந்த 256 எம்பி-க்குள்ளேயே போய் உட்காரும். இடம் போதாதவர்கள் இயங்குதளம் முழுவதையும் எஸ்டி கார்டுக்குப் பெயர்த்து, கார்டிலிருந்தே சாதனத்தை எழுப்பினார்கள். நானும் அப்படித்தான் ஓட்டினேன்.

ஆகவே எங்களிடம் ஒரு விருப்பப் பட்டியல் இருந்தது. சென்னை லினக்ஸ் பயனர் குழு மாதந்தோறும் ஐஐடி வளாகத்தில் கூடும். கூட்டம் முடிந்து டீக்கடையில் நிற்கும்போது அந்தப் பட்டியல் நீளும். பத்து மென்பொருளைக் குறித்துவிட்டால் வரிசையாக அதுவே ஏற்ற வேண்டும். படம் காட்ட வேண்டும். ஏற்கெனவே பயன்படுத்தியவர் என்ன சொல்கிறார் என்று அங்கேயே தெரிய வேண்டும். கார்டில் ஏற்றலாமா, உள்ளே ஏற்றலாமா என்று கேட்க வேண்டும். சாதனத்தைத் துடைத்துப் புதிதாக எழுதினால், முன்பு இருந்ததையெல்லாம் தானே திரும்பக் கொண்டுவர வேண்டும்.

எனக்கு மிகவும் வேண்டியிருந்தது வேறொன்று. அப்போது பிஎஸ்என்எல் அகலப்பட்டைத் திட்டம் ஒன்றில் இரவு 2 மணியிலிருந்து காலை 8 மணி வரை இறக்குவது மாதக் கணக்கில் சேராது. பகலில் இறக்கினால் வரம்பு கரையும். எனவே மேனேஜர் 2 மணிக்குத் தானாக விழித்து, குறித்து வைத்ததை இறக்கி முடித்துவிட்டு, திரும்பத் தூங்கிவிட வேண்டும். இதைக் கட்டளை எழுதியும் செய்யலாம். ஆனால் அப்பாவின் கையில் அந்தச் சாதனத்தைக் கொடுத்தால் அவராலும் செய்ய முடிய வேண்டும் என்பதுதான் என் ஆசை.

இவற்றில் சில, எங்களுக்கு முன்பே ஒருவர் தீர்த்துவைத்த கணக்குகள். ஷார்ப் சாரஸ் எஸ்எல்-5500 என்ற லினக்ஸ் கையடக்கக் கணினி 2002-இல் வந்தது. அதில் ஐபிகே கோப்பை ஏற்றும்போது உள் நினைவகமா, எஸ்டி கார்டா, சிஎஃப் கார்டா என்று கேட்கும். அதில் பயன்பட்ட ஐபிகேஜி, டெபியனின் முறையைச் சின்னச் சாதனத்துக்காகச் சுருக்கிச் செய்தது. அதன் வழிவந்த ஓபிகேஜி பிற்பாடு ஓப்பன்டபிள்யூஆர்டி வைஃபை ரவுட்டர்களில் பல ஆண்டு வேலை செய்தது. அந்தச் சின்ன நிரல்களை எழுதியவர்கள் மீது எனக்கு இன்றும் பெரிய மரியாதை உண்டு. ஒவ்வொரு கிலோபைட்டுக்கும் கணக்குப் பார்த்து எழுதினார்கள். முடிவை மட்டும் உரியவரிடம் விட்டார்கள்.

மேமோ மேனேஜரில் எல்லாருக்கும் பிடித்த ஒரு கதவு இருந்தது. புதிய கேட்டலாக் சேர்க்கும் கட்டத்தில் முகவரிக்குப் பதிலாக ‘மேட்ரிக்ஸ்’ என்று ஆங்கிலத்தில் அடித்து, ரத்து செய்யும் பட்டனை அழுத்தினால், அதே பெயருள்ள திரைப்படத்தில் வருவதுபோலச் சிவப்பு மாத்திரையா நீல மாத்திரையா என்று கேட்கும். சிவப்பைத் தொட்டால் சாதாரணமாக மறைந்திருக்கும் அடிமட்டப் பொதிகள் எல்லாம் தெரியும். பிரிவுப் பெயர் ‘யூசர்’ என்று தொடங்கும் பொதிகளை மட்டும்தான் மேனேஜர் வழக்கமாகக் காட்டும். சிவப்பு மாத்திரை அந்த வடிகட்டியை எடுத்துவிடும். முழு அதிகாரம் வேண்டுமானால் அதற்கும் ஒரு பொதி எக்ஸ்ட்ராஸில் இருந்தது. எல்லாவற்றையும் போல அதையும் ஏற்றிக்கொள்ளலாம். எளிமை வேண்டுபவருக்கு எளிமை, ஆழம் வேண்டுபவருக்கு ஆழம் என்று ஒரே கருவியில் வைத்திருந்த அந்த யோசனை, இத்தனை ஆண்டு கழித்தும் எனக்குச் சரியாகவே படுகிறது.

2008 ஜூனில் டயாப்ளோ என்ற மேமோ பதிப்பு வந்தபோது பட்டியலில் ஒன்று நிறைவேறியது. அதுவரை புதிய இயங்குதளம் என்றால் சாதனத்தை யூஎஸ்பி கம்பியில் கணினியோடு இணைத்து, மொத்தமாக அழித்து எழுத வேண்டும். இனி இயங்குதளமும் மேனேஜர் வழியாகவே புதுப்பிக்கப்படும் என்றானது. அடுத்த ஆண்டு இறுதியில் என்900 வந்தது. அதற்குள் எக்ஸ்ட்ராஸில் ஒழுங்கும் வந்திருந்தது. ஒரு மென்பொருள் பொதுப் பட்டியலுக்கு வர வேண்டுமானால் சோதனைக் களஞ்சியத்தில் பத்து நாள் இருக்க வேண்டும். சோதித்த பயனர்களிடமிருந்து பத்து ஆதரவு வாக்கு பெற வேண்டும். பேட்டரியைத் தின்கிறதா, சுத்தமாக நீக்க முடிகிறதா, பெரிய கோப்புகளைப் போனின் 32 ஜிபி சேமிப்பகத்தில் வைக்கிறதா, இல்லை இயங்குதளத்துக்கான 256 எம்பி-யை அடைக்கிறதா என்றெல்லாம் பார்த்தவர்கள் சாதாரணப் பயனர்கள். தரம் பார்க்கும் வேலையைப் பயனர்களே செய்ய முடியும், அதுவும் வெளிப்படையாகச் செய்ய முடியும் என்று அங்கே கண்ணால் பார்த்தேன்.

அந்த உலகம் அதிக நாள் நிற்கவில்லை. 2010-இல் மேமோ, மோப்லின் என்ற இன்னொரு லினக்ஸ் திட்டத்தோடு கலந்து மீகோ ஆனது; 2011 பிப்ரவரியில் நோக்கியா மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் போனுக்கு மாறுவதாக அறிவித்தது. அதற்கு முன்பே, 2008 ஜூலையில் ஆப்பிளின் ஆப் ஸ்டோரும் அக்டோபரில் ஆண்ட்ராய்டு மார்க்கெட்டும் திறந்துவிட்டன.

இன்று என் கையில் இருக்கும் போனில் அந்தப் பட்டியல் ஏறக்குறைய முழுவதும் நிறைவேறியிருக்கிறது. படம் உண்டு, மதிப்பீடு உண்டு. பத்துச் செயலியைத் தொட்டால் பத்தும் வரிசையாக வரும். ராத்திரி சார்ஜரில் போட்டுவிட்டுத் தூங்கினால், வைஃபையில் அதுவே புதுப்பித்துக்கொள்ளும். போனை மாற்றினால் பழைய போனில் இருந்ததெல்லாம் புதியதில் வந்து நிற்கும். அப்பா எழுபத்தைந்து வயதில் யார் உதவியும் இல்லாமல் ரயில் டிக்கெட் செயலியை ஏற்றுகிறார். இது பெரிய சாதனை. இதைச் செய்தவர்களைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. பாதுகாப்பும் கூடியிருக்கிறது. பழைய டெப் கோப்பு, ஏறும்போதே ரூட் அதிகாரத்தோடு எதையும் செய்யலாம். இன்று ஒவ்வொரு செயலியும் தனித்தனி அறையில் இருக்கிறது. 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், கேமராவையோ தொடர்புகளையோ தொட அது நம்மிடம் கேட்டாக வேண்டும். இந்தப் பூட்டை எடுத்துவிட்டுப் பழைய காலத்துக்குப் போகலாம் என்று யாரும் சொன்னால் நான் அவர் பக்கம் நிற்க மாட்டேன்.

ஆனால் அந்த டீக்கடைப் பட்டியலில் நாங்கள் எழுதாத சில வரிகள் உண்டு. எழுத வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் அவை எங்களிடம் ஏற்கெனவே இருந்தன. எங்கிருந்து ஏற்றுவது என்பதை உரியவர் தீர்மானிப்பது. பழைய பதிப்புக்குத் திரும்பிப் போவது. ஏற்றிய கோப்பை எடுத்து வைத்துக்கொண்டு, அடுத்தவருக்குக் கொடுப்பது.

கடைசியாகச் சொன்னது நம் ஊரில் வெறும் தொழில்நுட்ப ஆர்வம் அல்ல. ரீசார்ஜ் கடைகளில் பாட்டு ஏற்றித் தருவதுபோல, பத்து ரூபாய்க்கும் இருபது ரூபாய்க்கும் மெமரி கார்டில் செயலியும் ஏற்றித் தந்தார்கள். டேட்டா விலை உயர்ந்த காலத்தில் ஷேர்இட்டும் ஸெண்டரும் கைக்குக் கை செயலிகளைக் கடத்தின. 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் இவை இரண்டும் இருந்தன. அது ஒருபுறம் இருக்க, 2021 ஆகஸ்ட் முதல் கூகுள் ப்ளேயில் புதிய செயலிகள் ஆப் பண்டில் வடிவில்தான் வர வேண்டும். அந்த வடிவில் ஒவ்வொரு போனுக்கும் தேவையான துண்டுகள் மட்டும் வந்து சேரும். இடமும் டேட்டாவும் மிச்சம், அது நல்லதுதான். ஆனால் என் போனில் இருப்பது இப்போது எந்தப் போனிலும் ஓடும் ஒரே கோப்பு அல்ல. தம்பி கேட்டால் எடுத்துக் கொடுக்க என்னிடம் முழுப் பொருள் இல்லை.

எங்கிருந்து ஏற்றுவது என்ற கேள்வி அதைவிடக் கனமானது. 2024 மார்ச் 1 அன்று, சேவைக் கட்டணத் தகராறில் கூகுள் சில இந்திய நிறுவனங்களின் செயலிகளை ப்ளே ஸ்டோரிலிருந்து எடுத்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட பாரத் மேட்ரிமோனியின் செயலிகளும் அவற்றில் உண்டு. அரசு தலையிட்டுப் பேசிய பிறகு சில நாள்களில் அவை திரும்பி வந்தன. கட்டணத்தில் எந்தப் பக்கம் நியாயம் என்பது வேறு வழக்கு. என் கவலை, ஒரு கடை கதவைச் சாத்தினால் சாதாரணப் பயனர் போக அடுத்த கதவு எங்கே இருக்கிறது என்பது. பழைய மேனேஜரில் அதற்கு ஒரு முகவரியைச் சேர்த்தால் போதும். ஐபோனில் வேறு கடைகளுக்கு இடம் தரும் மாற்றம் 2024 மார்ச்சில் வந்தபோதும் அது ஐரோப்பிய ஒன்றியத்துக்கு மட்டும்தான், அதுவும் அங்கே சட்டம் கட்டாயப்படுத்தியதால்.

பழைய பதிப்பின் கதையும் இதே. 2017-இல் ஐஓஎஸ் 11 வந்தபோது 32 பிட் செயலிகள் ஓடாமல் போயின. எழுதியவர் புதுப்பிக்காமல் விட்ட செயலிகள், காசு கொடுத்து வாங்கியவரின் போனிலேயே நின்றுபோயின. இதற்கு மாற்று இருக்க முடியாது என்று சொல்ல வழியில்லை. டெபியனின் ஸ்னாப்ஷாட் காப்பகம் 2005 முதல் வந்த பொதிகளைப் பதிப்பு பதிப்பாக வைத்திருக்கிறது. இருபது ஆண்டுக்கு முந்தைய ஒரு பொதியைத் தேதி சொல்லி இன்றும் எடுக்கலாம். பெரும்பாலும் தன்னார்வலர்களால் நடக்கும் ஒரு திட்டத்துக்கு இது முடிந்திருக்கிறது.

ஆண்ட்ராய்டில் இப்போதைக்கு என் பட்டியலுக்கு மிக அருகில் நிற்பது எஃப்-டிராய்ட். 2010-இல் தொடங்கிய இந்தக் கட்டற்ற மென்பொருள் களஞ்சியத்தில் வேறு களஞ்சியத்தின் முகவரியைச் சேர்க்கலாம். முந்தைய பதிப்பை எடுக்கலாம். ஒரு செயலியில் விளம்பரமோ உளவோ இருந்தால் முகப்பிலேயே சொல்லிவிடும். 2025 ஆகஸ்டில் கூகுள் ஓர் அறிவிப்பு செய்தது: சான்றளிக்கப்பட்ட ஆண்ட்ராய்டு போன்களில், கடைக்கு வெளியிலிருந்து ஏற்றும் செயலிக்கும் அதை எழுதியவர் தன் அடையாளத்தைக் கூகுளிடம் பதிந்திருக்க வேண்டும், 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து நாடுகளில் தொடக்கம். எஃப்-டிராய்ட் திட்டத்தினர் கடுமையாக எதிர்த்தார்கள். அனுபவமுள்ள பயனர்கள் ஆபத்தை ஏற்றுக்கொண்டு ஏற்றிக்கொள்ள ஒரு வழி வைப்போம் என்று நவம்பரில் கூகுள் சொன்னது. வங்கிக்காரர் பேசுவதாக நம்பவைத்து, போலிச் செயலியை ஏற்றச் சொல்லிப் பணம் பறிக்கும் கும்பல்கள் இங்கேயும் இருப்பதால், அடையாளம் கேட்பதன் காரணம் எனக்குப் புரிகிறது. சாவி ஒரே கையில் இருப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. என்900 காலத்தில் பத்துப் பயனர்கள் பார்த்துச் சொன்ன தீர்ப்பும் ஒரு காவல்தான்.

இன்று யாராவது புதிதாகக் கையடக்கச் சாதனத்துக்கு ஒரு பொதி மேலாளர் எழுத உட்கார்ந்தால், என் கோரிக்கைகள் இவை. பட்டன் எத்தனை அழகாக வேண்டுமானாலும் இருக்கட்டும், களஞ்சிய முகவரியைச் சேர்க்கும் கட்டம் அமைப்புகளின் ஏழாவது அடுக்கில் ஒளிந்திருக்கக் கூடாது. புதுப்பித்த பிறகு பிடிக்காவிட்டால் நேற்றைய பதிப்புக்குப் போக ஒரு பட்டன். ஏற்றியதை முழுக் கோப்பாக எடுத்து, பக்கத்தில் இருப்பவருக்கு இணையம் இல்லாமலே கொடுக்க ஒரு வழி. கையொப்பத்தைச் சரிபார்க்கட்டும், யாருடைய கையொப்பத்தை நம்புவது என்று சேர்க்கவும் நீக்கவும் என்னை விடட்டும். ஒரு செயலியைக் கடையிலிருந்து எடுத்தால், அதை ஏற்கெனவே வைத்திருப்பவரிடம் எடுத்தது யார், எதற்காக, உங்களிடம் உள்ள தரவை எப்படி வெளியே எடுப்பது என்று தமிழில் ஒரு பத்தி சொல்ல வேண்டும்.