பூச்சியா, காளானா?

கேள்வி: போக்கிமான் விளையாட்டில் வரும் பாராசெக்ட் பூச்சியா, காளானா?

பதில்: 1996-ஆம் ஆண்டு ஜப்பானில் ஜனித்த அவ்விளையாட்டில், பாராஸ் என்னும் சிறு பிராணி, முதுகில் முளைத்த இரு காளான்களுக்குத் தான் உறிஞ்சும் மரவேர்ச் சாற்றில் பெரும்பங்கைத் தாரை வார்த்தே வளர்ந்து, 24-ஆம் படிநிலையில் பாராசெக்டாகப் பரிணமிக்கும்போது, குடிவந்த காளானே வீட்டுக்காரனாகிவிட, பூச்சியின் விழிகளில் கருமணியும் இன்றி வெண்மையே எஞ்சுகிறது. இதை அதீத கற்பனை என்று நகைப்போர், இமயமலைப் பிரதேசத்தில் மண்ணுக்குள் வாழும் புழுவைத் தின்று அதன் சிரசிலிருந்தே முளைத்தெழும் யார்சாகும்பா என்னும் பூஞ்சையை அறியார் போலும். அதையும் மனிதன் மருந்தென்று பெருவிலை கொடுத்து வாங்குகிறான்! விளையாட்டின் பதிவேட்டில் பாராசெக்ட் இன்னும் பூச்சி இனம், தாவர இனம் இரண்டிலும் சேர்த்தி. அதாவது, வீடு கைமாறியும் பட்டா மாறவில்லை.