ரெண்டு புள்ளி ஏழு அண்ணன்

திங்கட்கிழமை விடிகாலையில் காரைக்குடியை விட்டுக் கிளம்பும் பல்லவன் எக்ஸ்பிரஸில், சன்னலோர இருக்கைக்குச் சண்டை போடாமல் சார்ஜர் சொருகும் இடத்துக்குச் சண்டை போடுகிறவர் யாரோ, அவர்தான் நம்மாள். சம்பளம் தருவது சென்னையில் ஒரு கம்பெனி. ஆனால் வண்டி புதுக்கோட்டையைத் தொடுவதற்குள் அவர் மடியில் விரிவது சம்பளமில்லாத வேலை. பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றும் ஒரு சின்னக் கருவி, பைத்தான் என்னும் நிரல்மொழியில் எழுதியது. கட்டற்ற மென்பொருள் என்பதால் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம், திட்டலாம். மூன்றாவது உரிமையைத்தான் மக்கள் தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள்.

கருவியை எழுத அவருக்கு இரண்டு வாரம் பிடித்தது. ‘இது பைத்தானின் எந்தப் பதிப்பிலிருந்து ஓடும்’ என்ற ஒற்றை வரியை எழுத ஒன்பது மாதமாக முக்கிக்கொண்டிருக்கிறார்.

பைத்தான் 2.7 வெளிவந்தது 2010 ஜூலையில். 2015-இல் ஓய்வு என்றுதான் முதலில் நாள் குறித்தார்கள். 2008 டிசம்பரிலேயே 3 வந்து வாசலில் நின்றும், குடியிருந்தவர்கள் பெட்டியைக் கட்டவில்லை. 2014-இல் ஐந்து வருடம் தவணை நீட்டி, 2020 ஜனவரி 1 என்று அறுதியிட்டார்கள். அந்தத் தேதியும் போய் மூன்றரை மாதம் கழித்து, ஏப்ரல் 20 அன்று, 2.7.18 என்று கடைசியாக ஒன்று வந்தது. காரியமெல்லாம் முடிந்த பிறகு இறந்தவர் பெயருக்குத் தபால் வருமே, அந்த மாதிரி.

தமிழில் வேலை செய்கிறவர்களுக்கு இது வெறும் தேதிச் சண்டை இல்லை. ‘தமிழ்’ என்று அடித்து அதன் நீளம் என்ன என்று பைத்தான் 2-இடம் வெறுமனே கேட்டால் 15 என்னும். 3-இடம் கேட்டால் 5 என்னும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை 3 என்னும். பிள்ளை சொல்வதுதான் சரி. பைத்தான் 2 எண்ணுவது பைட்டுகளை, ஒரு குறிக்கு மூன்று வீதம். பைத்தான் 3 எண்ணுவது த, ம, இகரக் கொக்கி, ழ, மேலே வைத்த புள்ளி என்று குறிகளை. எழுத்தை எழுத்தாக எண்ணித் தருவதற்கென்றே ‘எழில்’ நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையும் நண்பர்களும் வளர்த்த ‘ஓப்பன் தமிழ்’ நூலகம் இருக்கிறது. பாமினி, டிஸ்கி, டேப், டேம் என்ற பழைய குறியாக்கங்களுக்கான மாற்றிகளும் அதில் உண்டு. 2, 3 இரண்டிலும் ஓடும்படி அதை நெடுநாள் வைத்திருந்தார்கள். நம்மாள் கருவியும் அதை அண்டித்தான் பிழைக்கிறது.

இரண்டிலும் ஓட வைப்பது ரெண்டு பெண்டாட்டிக்காரன் பாடு. அதற்கென்று உலகம் முழுக்கப் பயன்பட்ட ஒரு நூலகத்துக்குப் பெயரே ‘சிக்ஸ்’, இருமூன்று ஆறு. வாய்ப்பாட்டைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். 2-இல் ஒருங்குறிச் சரத்துக்கு முன்னால் ‘யூ’ என்று ஓர் எழுத்துப் போடுவது வழக்கம். 3 வந்தபோது அதை வேண்டாம் என்று எடுத்தார்கள். ஊரெல்லாம் புலம்பவே, 2012-இல் வந்த 3.3-இல், கோபித்துக்கொண்டு போன மாப்பிள்ளையை அழைத்து வருகிற மாதிரி, திரும்பக் கூட்டி வந்தார்கள்.

இவ்வளவும் நம்மாளுக்கு, அதாவது அண்ணனுக்கு, அத்துப்படி. தெரிந்தும் 2.7-ஐ விட மாட்டேன் என்கிறார்.

காரணம் தொழில்நுட்பமில்லை, முகத்தாட்சண்யம். மற்றவர்கள் எண்ணைப் பார்க்கும் இடத்தில் இவர் ஆளைப் பார்க்கிறார். 2.7 என்றால் புதுவயல் அரிசி ஆலைக் கணக்கர். 2013-இல் ஒரு நன்றிக் கடிதம் போட்டவர். 3.4 என்றால் கல்லுக்கட்டிப் பக்கத்து அச்சகம். அங்கே கல்யாணப் பத்திரிகை இன்னும் பேஜ்மேக்கர் 7-இல்தான் தயாராகிறது. 2001-இல் வந்த அந்த மென்பொருளுக்கு ஒருங்குறி தெரியாது. அதில் ‘தமிழ்’ என்று வர, விசைப்பலகையில் ஜே, கே, பி, ஓ தட்டிப் பின்னால் ஓர் அரைப்புள்ளி வைக்க வேண்டும். அச்சகக்காரர் இதைக் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பார். அந்தக் கணினியில் இருப்பது விண்டோஸ் எக்ஸ்பி. எக்ஸ்பியில் ஓடிய கடைசிப் பைத்தான் 3.4. விண்டோஸ் 7-இல் ஓடிய கடைசிப் பைத்தான் 3.8, அதை எடுத்தால், 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்து, பேட்டரி செத்து, ஒயரைப் பிடுங்கினால் அணைந்துபோகும் இயந்திரங்களை வைத்திருக்கும் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்பது அண்ணன் கவலை. அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இதில் இன்னொரு கூத்து. பழைய எழுத்துருவிலிருந்து மக்களை மீட்பதற்குத்தான் இந்தக் கருவி. மீட்கப்பட வேண்டியவர்கள் எல்லாரும் பழைய கணினியில்தான் இருப்பார்கள். ஆகவே கருவியும் அங்கேயே போய் உட்கார வேண்டியிருக்கிறது.

அண்ணன் பிறந்த வீட்டைப் பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இருக்காது. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று தெருவுக்குத் தெரு நீளும் வீடு. வளவைச் சுற்றிக் கல்யாணமான புள்ளிக்கு ஓர் அறை, அறைக்கு ஒரு பூட்டு, பூட்டுக்குச் சாவி சிலது கோயம்புத்தூரில், சிலது கோலாலம்பூரில். உள்ளே மங்குச் சாமான், பித்தளை அண்டா, யாருக்கு எதற்கு வாங்கியது என்று சொல்ல ஆளில்லாத பீங்கான் தட்டு. வீட்டுச் சாமான் விலைக்கு வந்தால் நேரே போவது முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு. ஆனால் ஓர் அண்டாவை நகர்த்தவே பங்காளிகள் அத்தனை பேரும் சரி சொல்ல வேண்டும். பைத்தானுக்குப் பங்காளி யாருமில்லை. அண்ணன் தானாகவே சிலரைச் சேர்த்துக்கொண்டார்.

கருவிக்குக் கைகொடுக்கும் கல்லூரித் தம்பி ஒருவன் இருக்கிறான். அவனுக்குப் போன அக்டோபரில் வந்ததே பழசு. வருடம் ஒரு பைத்தான், ஒவ்வொன்றுக்கும் ஐந்து வருட ஆயுள் என்ற கணக்கை விரல் நுனியில் வைத்திருக்கிறான்.

“அண்ணே, நம்பை மாதிரி பெரிய நூலகமே 2019-லயே 42 மாசம்னு கோடு போட்டுட்டாங்க. அதுக்கு முந்தின பைத்தானுக்கு ஆதரவு கிடையாது. நாம ஏண்ணே சுமக்கணும்?”

“அவுங்களுக்கென்ன தம்பி, புதுவயல்ல போயா நிக்கப்போறாங்க?”

“யாரையும் வெளியே தள்ளலண்ணே. குறைஞ்சது எந்தப் பைத்தான் வேணும்னு ஒரு வரி எழுதிட்டா போதும். பழைய ஆளு பதிவிறக்கினா, அவருக்குப் பொருந்துற கடைசிப் பதிப்பு தானா வந்துரும்.”

தம்பி சொல்வது உண்மை; பைத்தான் நூலகங்களை இறக்கித் தரும் பிப் என்ற கருவி, 2016 நவம்பரில் வந்த அதன் 9-ஆம் பதிப்பிலிருந்து அப்படித்தான். ஆனால் அதற்கு அந்தப் பிப்பாவது புதுசாக இருக்க வேண்டும். கணக்கர் அதைப் புதுப்பித்திருப்பாரா என்று அண்ணன் கேட்டார். தம்பிக்குப் பதில் இல்லை. பிறகு பதிவிறக்கக் கணக்கை எடுத்துக் காட்டினான். 2.7-இல் மாதாமாதம் யாரோ இறக்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதெல்லாம் மனிதர்கள் இல்லை, எங்கோ தானாக ஓடும் சோதனை இயந்திரங்கள் என்றான்.

“இயந்திரத்தை ஓடவிட்டு ஒரு ஆளு தூங்கிக்கிட்டிருப்பாருல்ல?” என்றார் அண்ணன்.

ஆயுத பூஜை கழிந்த வாரம் அவருக்கே அலுத்துப்போனது. எடுப்பது என்றால் நேரில் போய்ச் சொல்லிவிட்டு எடுப்பதுதான் முறை என்று டவுன் பஸ் ஏறிப் புதுவயலுக்குப் போனார். ஆலைக்குள் தவிட்டு வாசனை. கணக்கர் எழுந்து வந்து நாற்காலியைத் தட்டிப் போட்டார். அண்ணன் வாயெடுப்பதற்குள் கைபேசியை வாயருகே பிடித்து, “பொன்னி இருபது மூட்டை” என்றார். திரையில் சுத்தமான ஒருங்குறித் தமிழில் வந்து நின்றது.

“மகன் சிங்கப்பூர்லேருந்து அனுப்புனான் தம்பி. ரெண்டு வருசமாச்சு. பேசுனா அதுவே அடிச்சுக்குது.”

“அப்ப நம்ம கருவி?”

“நல்லாத்தான் இருந்துச்சு” என்றார் கணக்கர், துட்டி வீட்டில் சொல்வதைப் போல.

மூலையில் பழைய கணினி இருந்தது. மேலே துண்டு போர்த்தி, திரையின் நெற்றியில் சந்தனம் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. அண்ணன் துண்டை மெல்ல விலக்கினார்.

“இது இன்னும் ஓடுமாண்ணே?”

“ஓடாம என்ன? சுவிட்சப் போட்டா பத்து நிமிசத்துல முழிச்சுக்கும். போடவா?”

வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்து எழுந்தார். திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததும் தம்பிக்குச் செய்தி போனது: “நேர்ல பாத்துட்டேன். 2.7 நல்லாருக்கு. இப்போதைக்கு அந்த வரியத் தொடாதே.”