பாதி மீசைப் பந்தயம்

எங்கள் ஊர் குறிஞ்சிப்பாடியில் பந்தயம் கட்டாத ஆளை நான் பார்த்ததில்லை. பந்தயத்தில் தோற்றுக் காசு கொடுத்த ஆளையும் பார்த்ததில்லை. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒரு தேர்தல் வந்து போவதற்குள் எத்தனையோ பேர் பாதி மீசையை அடகு வைத்துவிடுவார்கள். "நான் சொன்ன ஆளு ஜெயிக்கலன்னா இந்தப் பக்கத்து மீசைய எடுத்துட்டு ரயிலடி வரைக்கும் நடக்கிறேன்டா" என்று சத்தியம் செய்வார்கள். ஓட்டு எண்ணி முடித்த மறுநாள் போய்ப் பார்த்தால் அத்தனை மீசையும் இரண்டு பக்கமும் பத்திரமாக இருக்கும். தோற்றவர் ஒரு வாரம் வேறு கடையில் டீ குடிப்பார். தண்டனை அவ்வளவுதான்.

இந்தப் பயிற்சியோடு ஒருவன் லாஸ் வேகாஸுக்குப் போகக் கூடாது. நான் போனேன்.

மகள் லாஸ் ஏஞ்சலிஸில் இருக்கிறாள். "மாமா, இவ்ளோ தூரம் வந்துட்டு வேகாஸ் பாக்காம போனா ஊர்ல என்ன சொல்லுவாங்க?" என்றார் மாப்பிள்ளை. பார்த்துவிட்டுப் போனால் ஊரில் என்ன சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் மாப்பிள்ளை பேச்சைத் தட்ட முடியுமா? வீட்டம்மா மட்டும், "அந்தப் பாவத்துல எனக்குப் பங்கு வேணாம்" என்று மகளோடு மாலிபு வெங்கடேஸ்வரர் கோயிலுக்குக் கிளம்பிவிட்டாள். குடும்பத்தில் ஒருவர் புண்ணியம் சேர்க்கும்போது இன்னொருவர் கொஞ்சம் செலவு செய்யலாம் என்பது என் கணக்கு.

மொஹாவி பாலைவனத்தில் நாலைந்து மணி நேரம் கார் ஓடுகிறது. முடிவில் அந்த ஊர் வருகிறது. நாங்கள் போன விடுதியின் பெயர் வேண்டாம். வேகாஸில் எல்லாம் ஒரே அச்சுதான்.

திருவள்ளுவர் நெவாடாவுக்கு வந்ததற்கு ஆதாரம் இல்லை. ஆனால் பொருட்பாலில் அதிகார வரிசையைப் பாருங்கள்: 92 வரைவின் மகளிர், 93 கள்ளுண்ணாமை, 94 சூது, 95 மருந்து. அந்த விடுதிக்குள் நாங்கள் நடந்த வழியும் அச்சு அசல் இதேதான். வாசலில் இறகுத் தொப்பி வைத்த நடனப் பெண்களின் ஆளுயரப் படங்கள். மாப்பிள்ளை பக்கத்தில் இருந்ததால் 92ஐ விறுவிறுவென்று கடந்தேன். அடுத்தது மது விற்கும் இடம். அதைத் தாண்டினால் கடிகாரமும் ஜன்னலும் இல்லாத சூதாட்டக் கூடம். எல்லாம் முடிந்து தெருவுக்கு வந்தால், எதிரிலேயே இரவு பகலாகத் திறந்திருக்கும் மருந்துக்கடை.

எங்களுக்கு வேண்டிய ஸ்போர்ட்ஸ்புக் அந்தக் கூடத்தின் கோடியில் இருந்தது. விளையாட்டுகளின் மேல் பந்தயம் கட்டுகிற இடம். நெவாடா சூதாட்டத்தைச் சட்டப்படி அனுமதித்தது 1931இல். விளையாட்டுப் பந்தயத்தில் அந்த மாநிலத்துக்குக் கிட்டத்தட்டத் தனியாகவே இருந்த உரிமை 2018 மே மாதம் வரை நீடித்தது. மற்ற மாநிலங்களின் கையைக் கட்டியிருந்த 1992ஆம் ஆண்டுச் சட்டத்தை அந்த மாதத்தில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. இப்போது முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் கடை திறந்துவிட்டார்கள். ஆனாலும் பிரம்மாண்டம் வேகாஸில்தான். அங்கே வெஸ்ட்கேட் என்ற விடுதியின் ஸ்போர்ட்ஸ்புக்கில் உள்ள திரை 220 அடி நீளம், 18 அடி உயரம். எங்கள் பக்கத்தில் அத்தனை நீளத்துக்குக் கட்சிப் பேனர் கூட வைத்ததில்லை.

நாங்கள் போன இடத்திலும் சுவர் முழுக்கத் திரைதான். ஒரே நேரத்தில் பத்துப் பன்னிரண்டு ஆட்டங்கள் ஓடின. ஓரத்தில் பள்ளிக்கூட மேசை அளவில் தனித்தனித் தடுப்புகள். ஒவ்வொன்றிலும் ஒரு குட்டி டிவி, ஒரு விளக்கு, ஒரு கிழவர். குதிரைப் பந்தயக்காரர்கள். காகிதத்தை நாலாக மடித்துக்கொண்டு, பென்சிலைக் காதில் சொருகி, ஏதோ பொதுத்தேர்வு எழுதுகிற மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். பார்த்தவுடனே எனக்குப் பெரியப்பா ஞாபகம் வந்துவிட்டது.

பெரியப்பா கிண்டி பைத்தியம். ரேஸ் நாள் என்றால் விடியற்காலையில் கடலூர் போய் மெட்ராஸ் பஸ் பிடித்துவிடுவார். கையில் ரேஸ் புத்தகம், அதில் பென்சில் கோடுகள். எந்தக் குதிரையின் தாத்தா எந்தக் குதிரை என்று தலைகீழாகச் சொல்வார். பேரப்பிள்ளைகளின் பெயர்தான் மாறி மாறி வரும். 1974இல் தமிழக அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தது. மெட்ராஸ் ரேஸ் கிளப் தரப்பு கோர்ட்டுக்குப் போனது. வழக்கு இருபது வருஷத்துக்கு மேல் நடந்து, 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: குதிரைப் பந்தயம் சூதாட்டம் அல்ல, திறமை சார்ந்த விளையாட்டு. அதற்குள் பெரியப்பா தன் திறமையால் மேட்டு நிலம் இரண்டு காணியை முடித்திருந்தார். ஆனாலும் அந்தச் செய்தியை வெட்டி டிரங்குப் பெட்டியில் வைத்துக்கொண்டார்.

"பாத்தியாடி, கோர்ட்டே சொல்லிட்டான். இதெல்லாம் அறிவு."

"அந்த அறிவ எங்க காணோம்? நிலத்தோட சேத்துக் கிரயம் பண்ணிட்டீங்களா?" என்றார் பெரியம்மா.

2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து கிண்டி மைதானத்துக்குச் சீல் வைத்தபோது பெரியப்பா உயிரோடு இல்லை. இருந்திருந்தால் அதற்கும் ஒரு பந்தயம் கட்டியிருப்பார்.

வேகாஸுக்கு வருவோம். பந்தயச் சீட்டு கொடுக்கும் ஜன்னலில் ஒரு அம்மாள். "என்ன ஆட்டம்?" என்று கேட்டார். எனக்கு நன்றாகத் தெரிந்தது எதுவோ அதில் இறங்குவதுதானே புத்திசாலித்தனம்? மாப்பிள்ளை வழியாக, "தேர்தல் இருக்கிறதா?" என்று விசாரித்தேன். குறிஞ்சிப்பாடித் தொகுதியில் எந்த ஊரில் எந்தத் தெரு எந்தப் பக்கம் சாயும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அந்த அம்மாள் சிரித்தார். நெவாடாவில் தேர்தல் மேல் பந்தயம் வாங்கச் சட்டம் இடம் தராதாம். குதிரை, குத்துச்சண்டை, கோல்ஃப் எல்லாம் சரி, தேர்தல் மட்டும் ஆகாது. சூதாட்டத்திலேயே வாழ்கிற ஒரு மாநிலம் ஒரு விஷயத்தைப் பார்த்து, "இது ரொம்ப மோசம்" என்று ஒதுக்கி வைத்திருக்கிறது என்றால், நம் டீக்கடை எவ்வளவு துணிச்சலான இடம் என்று யோசித்துக்கொண்டேன். கிரிக்கெட் கேட்டேன். அன்றைக்குப் பலகையில் இல்லை.

அங்கே நின்றபோது ஊர்க் கூத்து ஞாபகம் வந்தது. எங்கள் மாவட்டத்தில் திரௌபதி அம்மன் கோயில் இல்லாத பக்கம் குறைவு. தீமிதிக்கு முன்னால் கூத்தில் பகடை துகில் நடக்கும். சகுனி காயை உருட்ட, தருமர் நாட்டை வைப்பார், தம்பிமாரை வைப்பார், கடைசியில் பாஞ்சாலியை வைப்பார். சின்ன வயதிலிருந்து பார்த்து அழுத கூத்து. அந்த ஜன்னலில் எழுதிப் போட்டிருந்த விதிகளை மாப்பிள்ளை படித்துக் காட்டும்போதுதான் உறைத்தது: அஸ்தினாபுரத்தில் வேகாஸ் விதி இருந்திருந்தால் பாரதமே நடந்திருக்காது. இங்கே காசை எண்ணி வைத்த பிறகுதான் சீட்டு அடிக்கிறார்கள். தம்பியை வாங்க மாட்டார்கள். பெண்டாட்டியை வாங்க மாட்டார்கள். மீசையையும்தான்.

கடைசியில் கூடைப்பந்தில் மஞ்சள் சட்டை அணிக்குக் கட்டினேன். காரணம் கேட்கிறவர் தமிழ்நாட்டுக்காரராக இருக்க முடியாது. அணியின் பெயரைச் சொன்னால் அந்த அம்மாளுக்குப் போதவில்லை. பலகையில் ஒவ்வொரு அணிக்கும் ஒரு எண் உண்டு, அதைத்தான் சொல்ல வேண்டும். எண்ணைச் சொல்லி 110 டாலர் வைத்தேன். வென்றால் என் 110உம் வரும், மேலே 100உம் வரும். பஸ் டிக்கெட் மாதிரி வழவழப்பான ஒரு சீட்டு வந்தது.

மஞ்சள் சட்டை வென்றது. நான் எழுந்து நின்று கத்தினேன். மாப்பிள்ளை என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"மாமா, நாம தோத்துட்டோம்."

"எப்படி மாப்ள? அங்க கட்டிப் புடிச்சிட்டு இருக்கான் பாருங்க!"

"அவங்க ஜெயிச்சாங்க மாமா. நாம தோத்துட்டோம்."

விஷயம் இதுதான். பலவான் அணிக்கும் நோஞ்சான் அணிக்கும் நேராகப் பந்தயம் வைத்தால் எல்லாரும் பலவானுக்கே கட்டுவார்கள். அதனால் பலவான் தலையில் ஒரு சுமை ஏற்றுகிறார்கள். என் அணியின் சுமை ஆறரைப் புள்ளி. ஏழு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தால்தான் எனக்குக் காசு. அவர்கள் ஆறில் ஜெயித்தார்கள். கூடைப்பந்தில் அரைப் புள்ளி கிடையாது. உலகத்தில் எவனும் இதுவரை அரைக் கூடை போட்டதில்லை. அப்புறம் எதற்கு அந்த அரை? ஆறு என்று வைத்தால் சரியாக ஆறில் முடியும்போது எல்லார் காசையும் திருப்பிக் கொடுக்க வேண்டிவரும். அந்தச் சிரமம் வேண்டாம் என்றுதான் இல்லாத ஒரு அரையைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். இல்லாத அரைப் புள்ளியிடம் தோற்ற முதல் குறிஞ்சிப்பாடிக்காரன் நானாகத்தான் இருக்கும்.

எங்கள் குடும்பம் கைலி வியாபாரம். தறியிலிருந்து சிங்கப்பூர் கடை வரைக்கும் ஒரு கைலியின் மடிப்பில் யார் யாருடைய லாபம் ஒளிந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் எங்களுக்குத் தொழில். அதனால் தோற்ற துக்கம் ஆறியதும் அந்த 110ஐ எடுத்து வைத்து யோசித்தேன். நான் மஞ்சளுக்கு 110 கட்டினேன். எவனோ ஒருவன் எதிரணிக்கு 110 கட்டியிருப்பான். ஜன்னலுக்கு வந்தது 220. ஜெயித்தவனுக்குப் போனது 210. மீதிப் பத்து டாலர் அங்கேயே தங்கிவிட்டது. யார் ஜெயித்தாலும் தங்கும். பண்ருட்டி பலா மண்டித் தரகர் பழத்தைத் தின்று பார்த்தா கமிஷன் வாங்குகிறார்? அந்தப் பெரிய கூடத்தில் பந்தயம் கட்டாமல் இருந்த ஒரே ஆள் அதன் முதலாளி.

இந்தக் கணக்குப்படி, சமமான பந்தயத்தில் நூற்றுக்கு ஐம்பது தடவை சரியாகச் சொன்னாலும் நஷ்டம். ஐம்பத்துமூன்று தடவை சரியாகச் சொன்னால்தான் தலை தப்பும். பெரியப்பாவின் பென்சிலும் அந்தக் கிழவர்களின் பென்சிலும் அந்த மூன்றைத் தேடித்தான் வாழ்நாள் முழுக்கக் கோடு போடுகின்றன.

ஊரில் இதே வியாபாரம் செல்போனில் நடந்துகொண்டிருந்தது. ஐ.பி.எல். சமயத்தில் எங்கள் தெருப் பையன்கள் டிரீம் லெவன் அணி போட்டுவிட்டு, கேப்டனை மாற்றலாமா என்று என்னிடமே ஆலோசனை கேட்பார்கள். 2025 ஆகஸ்டில் காசு கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை ஒன்றிய அரசு சட்டம் போட்டுத் தடுத்தது. இந்திய அணிச் சட்டையிலிருந்த டிரீம் லெவன் கம்பெனியின் பெயரே போய்விட்டது. பையன்கள் மறுபடி டீக்கடைக்கு வந்துவிட்டார்கள். கடைக்காரர் சந்தோஷமாக இருக்கிறார்.

அப்படியும் வேகாஸ் போய்த்தான் தீருவேன் என்கிறவர்களுக்குச் சில வார்த்தைகள். இருபத்தொரு வயது நிரம்பியிருக்க வேண்டும். நரைத்த தலையைக் காட்டினாலும் சில இடங்களில் பாஸ்போர்ட் கேட்பார்கள், எடுத்துப் போங்கள். சீட்டைத் தொலைக்காதீர்கள். கூடத்துக்குள் ஏ.சி. குளிர் அதிகம், ஸ்வெட்டர் அவசியம். பல விடுதிகளில் அறை வாடகைக்கு மேல் ரிசார்ட் கட்டணம் தனி, கார் நிறுத்தக் கட்டணமும் தனி. பந்தயத்தில் காசு பண்ணியே ஆக வேண்டும் என்றால் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் போய் உட்காருங்கள். அதற்கு நெவாடா அரசின் லைசென்ஸ் வேண்டும். கைலி வியாபாரத்தில் வரும் லாபம் அதற்குப் போதாது, விசாரித்துவிட்டேன்.