பசிபிக் வழி பைபாஸ்

அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்ற சேலத்து மாமாவை விமானத்தில் அழைத்துப்போக, பொறுமையோடு கொஞ்சம் பூகோளமும் தெரிந்திருக்க வேண்டும். சான் பிரான்சிஸ்கோவில் இருக்கும் மகளைப் பார்க்கக் கிளம்பியவருக்குத் துணை நான்.

"டெல்லியிலிருந்து எத்தனை கிலோமீட்டர் மாப்ள?"

"பூமி உருண்டை மேல நூல் பிடிச்சா சுமார் 12,400 மாமா. ஆனா வண்டி போறது 15,300."

டிக்கெட் எடுக்காத ஆளைப் பிடித்த பழைய களை மாமாவின் முகத்தில் வந்துவிட்டது. "மூவாயிரம் கிலோமீட்டர் சுத்தறானா? டீசல் யார் வீட்டுக் காசு?"

நானும் விடவில்லை. 2015 இறுதியில் ஏர் இந்தியா இந்தத் தடத்தைத் தொடங்கியபோது மேற்கே, அட்லாண்டிக் வழியாகத்தான் பறந்தது. சுமார் 13,900 கி.மீ. 2016 அக்டோபரில் கிழக்கே திருப்பி பசிபிக் மேல் விட்டார்கள். தூரம் 1,400 கி.மீ. கூடியது. நேரமோ ஏறக்குறைய இரண்டு மணி குறைந்தது! பத்துப் பன்னிரண்டு கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் 'ஜெட் ஸ்ட்ரீம்' காற்றுதான் காரணம். எதிரே போனால் மல்லுக்கு நிற்கும், கூடவே போனால் முதுகில் கைவைத்துத் தள்ளும்.

"அட, நம்ம பைபாஸ் ரைடரு. ஊருக்குள்ள நுழையாம சுத்திப் போயி முன்னாடி சேர்ந்துடும்" என்றார் மாமா. காகிதத்தில் அம்புக்குறி போட்டு நான் விளக்கிக்கொண்டிருந்ததை மடித்து வைத்துவிட்டேன்.

அடுத்து டிரைவர் கவலை. பதினாறு மணி நேரம் ஒரே ஆளா ஓட்டுவார்? இல்லை, கூடுதல் விமானிகள் உண்டு, முறை வைத்துத் தூங்குவார்கள் என்றதும்தான் சாப்பாட்டுத் தட்டைத் தொட்டார்.

நேரக் கணக்குதான் இருவரையும் படுத்தியது. கோடையில் அந்த ஊர் நம்மைவிடப் பன்னிரண்டரை மணி நேரம் பின்தங்கியது. டெல்லியில் விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பி, பதினாறு மணி நேரம் கால் வீங்க உட்கார்ந்தால், அங்கே அதே நாள் காலை ஏழரை! "கடிகாரப்படி மூணரை மணி நேரம். சேலத்திலிருந்து கோயமுத்தூர் போற நேரம்" என்ற மாமா சற்று யோசித்து, "ஒரே நாள்ல ரெண்டு காலை வருதே, இந்த டிரைவருங்களுக்கு டபுள் டூட்டி பேட்டா உண்டா?" என்றார். விமானப் போக்குவரத்து நிபுணர் யாரும் இந்தக் கோணத்தில் சிந்தித்ததாகத் தெரியவில்லை.

காற்று எப்போதும் கிழக்கு நோக்கியே அடிப்பதால், திரும்பும்போதும் கிழக்கே, அட்லாண்டிக் வழியாக வந்தால் உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றியதாகிவிடும். 2016-இல் அந்த விமானம் அப்படித்தான் போய்வந்தது என்றேன். மாமா மயில் மேல் உட்கார்ந்தவர்போல நிமிர்ந்தார்.

சான் பிரான்சிஸ்கோவில் இறங்கியதும் பையைத் திறக்கச் சொன்னார்கள். மகளுக்காக வேட்டிக்குள் சுற்றி வைத்திருந்த மல்கோவா வெளியே வந்தது. பயணிகள் இந்தியாவிலிருந்து மாம்பழம் கொண்டுவர அங்கே அனுமதி இல்லை. அதிகாரி மரியாதையாகவே வாங்கித் தொட்டியில் போட்டார்.

மாமா என் பக்கம் திரும்பினார். "முருகனுக்காவது முழு உலகத்தையும் சுத்தி வந்தப்புறந்தான் மாம்பழம் இல்லேன்னாங்க. எனக்குப் பாதியிலயே புடுங்கிட்டாங்களே மாப்ள!"